பைபர் போட் அடிபட்டா: எந்த அறிகுறிக்கு எங்க பாக்கிறது, எப்ப பட்டறைக்குக் கொண்டு போறது

யாழ்ப்பாணத்தில குருநகர், பாசையூர், மயிலிட்டி, வல்வெட்டித்துறை எண்டு எந்தக் கரையில நிண்டு பாத்தாலும் திருத்த வாற போட்டுகளில பழுது சுத்திச் சுத்தி ஒண்டுதான். வடக்குக் கரையில வானுக்குள்ளால (முருகைக்கல்லுக்கு நடுவில போட் வந்து போற வழி) வரேக்க முருகைக்கல்லில அடிக்கிறது, பரவைக்கடல் பக்கம் சிறகுவலைக் கம்பிலயோ தண்ணிக்குள்ள கிடக்கிற பழைய இரும்பிலயோ ஏறுறது, பிறகு நாளாந்தம் மணலில இழுத்து இழுத்து அடி தேயுறது. கொண்டு வாற ஆள் சொல்லுறதும் ஒரே வசனம், "சின்னக் கீறல்தான் அண்ணை, கொஞ்சம் புட்டி வைச்சு விடுங்கோ". பைபரில கீறல் சின்னன் எண்டது வெளிப்பக்கத்துக் கதை. மரம் எண்டா அடிச்ச இடம் நசியும், இரும்பெண்டா நெளியும், பாத்தவுடன விளங்கும். பைபர் நெளிஞ்சிட்டுத் திரும்பப் பழைய வடிவுக்கு வந்திடும், வெளியில ஒரு பொட்டு மட்டும் நிக்கும், உள்ளுக்க படை படையாப் பிரிஞ்சு கிடக்கும். அதால எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல உள்பக்கத்தைப் பாருங்கோ, பிறகு புட்டியைப் பற்றிக் கதைப்பம்.

கையில இருக்க வேண்டியது: ஒரு 10 ரூபாக் குத்தி, நல்ல ரோச்லைற், பென்சில், பேனை மை கொஞ்சம், அசிற்றோன், பழைய துணி. கிறைண்டர் பிடிக்கப் போறீங்கள் எண்டா மூக்குக்குச் சரியான மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, நீளக்கைச் சேட் கட்டாயம். கண்ணாடித் தூள் தோலில ஏறினா ரெண்டு நாளைக்கு நித்திரை இல்லை, நெஞ்சுக்குள்ள போறது அதைவிடக் கூடாது.

வெளியில சிலந்தி வலை மாதிரி மயிர்வெடிப்பு

போட்டைக் கழுவி உப்பில்லாமல் காயவிட்டு, வெடிச்ச இடத்தில மையைப் பூசி உடன துடையுங்கோ. வெடிப்புக்குள்ள மை நிண்டு கோடு வடிவாத் தெரியும். கோடு போற விதத்தைப் பாத்தாலே பாதி விளங்கும்.

ஒரு புள்ளியில இருந்து சுத்திவர விரிஞ்சா அந்தப் புள்ளியில ஏதோ அடிச்சிருக்கு. வெளியால அடிச்சதெண்டு இல்லை, உள்ளுக்க நங்கூரம் விழுந்தாலும் வெளிப்பக்கம் இப்பிடித்தான் வெடிக்கும், கன பேர் இதை யோசிக்கிறதில்லை.

கோடெல்லாம் ஒரே பக்கமா வரிசையாப் போனா அது அடியில்லை, அந்த இடம் திரும்பத் திரும்ப வளையுது. அனேகமா உள்ளுக்க தாங்கு கட்டையோ இருக்கைப் பலகையோ முடியிற விளிம்புக்கு நேராத்தான் இருக்கும். வெளியில என்னத்தைப் பூசினாலும் அடுத்த சோளகக் காத்துக் காலத்துக்குள்ள திரும்ப வரும், அதுக்குக் கீழ "தாங்கு கட்டை விட்டிட்டுது" எண்ட இடத்தைப் பாருங்கோ.

ஒழுங்கில்லாமல் எல்லா இடமும் நொறுங்கின மாதிரி இருந்தா ஜெல்கோட்டை (வெளியில இருக்கிற நிறப் படை) தடிப்பா அடிச்சிருக்கினம். அது அரை மில்லிமீற்றர் அளவில இருக்க வேண்டிய சாமான், வடிவா இருக்கட்டும் எண்டு ரெண்டு மடங்கு அடிச்சா இப்பிடித்தான் வெடிக்கும். பலத்துக்குப் பிரச்சினை இல்லை, வடிவுக்குத்தான்.

அடிபட்ட வெடிப்பெண்டா கூர்மையான சாமானால கோட்டைக் கொஞ்சம் அகட்டி அடியில என்ன தெரியுதெண்டு பாருங்கோ. நிறம் மட்டும் போய்க் கீழ நார் சுத்தமா, வெள்ளை பிடிக்காமல் இருந்தா ஜெல்கோட் நிரப்பினாக் காணும், நீங்களே செய்யலாம். நார் வெள்ளையா வெளிறிப்போய் இருந்தா அடுத்த தலைப்புக்கு வாங்கோ.

வெளியில ஒண்டுமில்லை, தட்டினாச் சத்தம் வேற

இதுதான் ஆளைக் கொல்லுற பழுது, ஏனெண்டா கண்ணுக்குத் தெரியாது.

அடிபட்டதெண்டு சந்தேகப்படுற இடத்தில இருந்து ஒரு முழம் தள்ளி நல்ல இடத்தில தொடங்கி, குத்தியின்ர விளிம்பால தட்டித் தட்டி உள்ளுக்கு வாங்கோ. நல்ல பைபர் "டிக் டிக்" எண்டு கூராக் கேக்கும். படை பிரிஞ்ச இடத்துக்கு வந்தவுடன "டொப்" எண்டு சத்தம் செத்துப்போகும். மாறின இடத்தில பென்சிலால ஒரு பொட்டு வைச்சிட்டு வேற திசையில இருந்து திரும்பத் தட்டி வாங்கோ. நாலு பக்கத்தாலயும் வந்து பொட்டுகளைச் சேத்தா பழுதின்ர உண்மையான அளவு வரும். வெளியில ஒரு ரூபாக் குத்தி அளவில கீறல் இருந்த போட்டில பென்சில் கோடு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குப் போறது ஒண்டும் அதிசயமில்லை. அடி உள்ளுக்குப் போகப் போக விரியும், வெளித்தோல் தப்பும், உள்தோல் கிழியும். காத்து இரைச்சலுக்கையும் ஆக்கள் கதைக்கிற இடத்திலயும் தட்டாதேங்கோ, விடியக்காலமை நல்லது. தாங்கு கட்டை, நுரை வைச்ச இடங்களில சத்தம் இயல்பாவே மாறும், அதால மற்றப் பக்கத்தில அதே இடத்தையும் தட்டி ஒத்துப்பாருங்கோ.

உள்பக்கம் பெயின்ற் அடிக்காத போட்டெண்டா இன்னொரு வழி இருக்கு. இருட்டினாப் பிறகு ஒராள் வெளியால ரோச்சை ஒட்டிப்பிடிக்க, மற்றாள் உள்ளுக்க நிண்டு பாக்கோணும். நல்ல இடத்தில வெளிச்சம் ஒரே சீரா வரும், பிரிஞ்ச இடம் மங்கலாத் திட்டாத் தெரியும். ஜெல்கோட் கடும் நிறமெண்டா இது சரிவராது.

பிறகு என்ன செய்யிறதெண்டது அளவையும் ஈரத்தையும் பொறுத்தது. உள்ளங்கையை விடச் சின்னன், தண்ணி மட்டத்துக்கு மேல, உள்தோல் கிழியேல்லை எண்டா ஓரத்தில ரெண்டு மூண்டு சின்னத் துளை போட்டு எப்பொக்சிப் பசையை ஊசியால ஏத்தி, மேல பாரம் வைச்சு அமத்தி விடலாம். ஆனா துளை போடேக்க தண்ணி கசிஞ்சு வந்தா அந்த எண்ணத்தை விடுங்கோ. உப்புத்தண்ணி போன படைக்குள்ள எந்தப் பசையும் பிடிக்காது, நல்லதண்ணி விட்டுக் கழுவி வெயிலில போட்டாலும் முழுக்கப் போனதெண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. அது வெட்டித் தேய்ச்சுப் புதுசாப் போடுற வேலை. உண்மையைச் சொன்னா ஊசி போடுறதில எனக்குப் பெரிசா நம்பிக்கை இல்லை. தொழிலுக்குப் போற போட்டெண்டா ஒரேயடியாத் தேய்ச்செடுக்கிறதுதான் என்ர விருப்பம்.

பென்சில் வட்டம் உங்கட ரெண்டு கையையும் விரிச்சு வைச்ச அளவை விடப் பெரிசெண்டாலோ, ஏராவை (போட்டின்ர அடியில நடுவால போற முதுகு) தாண்டி மற்றப் பக்கம் போனாலோ, தாங்கு கட்டைக்குக் கீழ போய் மறைஞ்சாலோ பட்டறைக்குக் கொண்டு போங்கோ.

ஓட்டை விழுந்திட்டுது, அல்லது கிழிஞ்சு நார் தொங்குது

கடலில நிக்கேக்க நடந்தா: எஞ்சினைக் குறைச்சு, வலை, ஐஸ்பெட்டி, ஆக்கள் எல்லாத்தையும் மற்றப் பக்கம் மாத்தி ஓட்டையைத் தண்ணிக்கு மேல கொண்டுவரப் பாருங்கோ. உள்ளால துணியை அடைஞ்சு மேல பலகையோ கானோ வைச்சு அமத்திக்கொண்டு கரைக்கு வாங்கோ. மிச்சமெல்லாம் கரையில.

கரையில முதல் வேலை உள்ளுக்க போய்ப் பாக்கிறது, தட்டிப் பென்சில் வட்டம் போடுறது. வட்டத்துக்குள்ள இருக்கிறது எல்லாம் போகோணும், ஓட்டையைச் சுத்தி இருக்கிற வெள்ளை நாரை அப்பிடியே விட்டு மேல மற் (கண்ணாடி நார் விரிப்பு) போடுறது பிணத்துக்குச் சட்டை போடுற வேலை.

பிறகுதான் சரிவு. இதிலதான் கன பேர் சுருக்கு வழி தேடுறவை. போட்டின்ர தடிப்பு 6 மில்லிமீற்றர் எண்டு வைச்சா, ஓட்டை விளிம்பில இருந்து சுத்திவர ஏறக்குறைய 70 மில்லிமீற்றர் தூரத்துக்குச் சாய்வாத் தேய்ச்சு விளிம்பில கத்தி மாதிரி மெல்லிசா வரோணும். தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு சரிவு எண்டது கணக்கு. ஒட்டு பிடிக்கிறது இந்தச் சரிவிலதான், ரெசின்ர (நாரை ஊற வைச்சு இறுகிற பசை) விலையில இல்லை. ஏலுமெண்டா உள்பக்கமாச் சரிவெடுங்கோ, வெளியில ஜெல்கோட் வேலை குறையும்.

கிறைண்டர் பிடிக்க முதல் அசிற்றோனால துடைக்கோணும், தேய்ச்ச பிறகு மட்டும் துடைச்சாக் காணாது. பழைய மெழுகும் எண்ணெயும் மேல இருக்கத் தேய்ச்சா அதைக் கீறலுக்குள்ளயே ஏத்தி விடுறியள். 36 அல்லது 40 நம்பர் தாள், மினுக்கம் ஒரு பொட்டும் மிச்சமில்லாமல். தேய்ச்ச அண்டே மற் போடுங்கோ, ராவில வெளியில விட்டா உப்புக்காத்து படிஞ்சிடும்.

450 கிராம் மற் ஒரு படை காய்ஞ்சா கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் வரும், அதை வைச்சு எத்தனை படையெண்டு கணக்குப் பாருங்கோ. இடையில வோவன் ரோவிங் ஒண்டு ரெண்டு வேணும், அடி தாங்கிறது அந்த நெய்த நார்தான். ஆனா ரோவிங்குக்கு மேல ரோவிங் நேரடியா வைக்காமல் நடுவில மற் குடுங்கோ. மற்றுக்கு அதின்ர பாரத்தைப் போல ரெண்டரை மடங்கு வரைக்கும் ரெசின் போகும், ரோவிங்குக்குச் சரிக்குச் சரி. கூட ஊத்தினா பலம் கூடும் எண்டு நினைக்கிறவை இருக்கினம், பலம் தாறது நார், ரெசின் அதைப் பிடிச்சு வைச்சிருக்கிறது மட்டும்தான், ரெசின் கூடின இடம் முதல் அடியிலயே வெடிக்கும்.

முதல்ல பெரிய துண்டா சின்னத் துண்டா எண்டு பட்டறைக்குப் பட்டறை சண்டை. நான் பெரிசை முதல் வைக்கிற ஆள், சரிவு முழுக்கத் தொடுறது அந்த முதல் படைதான். சின்னனை முதல் வைச்சும் வடிவாச் செய்யிறவை இருக்கினம், சரிவு சரியெண்டா ரெண்டும் நிக்கும். ஒவ்வொரு படைக்கும் ரோலரால காத்தை முழுக்க வெளியேத்துங்கோ, வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா அது காத்து.

ஹாட்னர் (ரெசினை இறுக வைக்கிற திரவம்) ஒரு கிலோ ரெசினுக்கு 10 இல இருந்து 20 மில்லிக்குள்ள. எங்கட வெயிலுக்குக் குறைஞ்ச பக்கம் காணும், அதுக்கும் கீழ போனா ரெசின் கடைசிவரை சரியா இறுகாது. நேரம் வேணுமெண்டா ஹாட்னரைக் குறைக்காமல் நிழலில, பின்னேரத்தில செய்யுங்கோ. ஒரே மூச்சில நாலு படைக்கு மேல போடாதேங்கோ, சூடேறிப் புகைஞ்சு வெடிக்கும். கோபால்ற் (இறுகிறதைக் கெதியாக்கிற சாமான்) தனியா வாங்கிக் கலக்கிறவை கவனம்: கோபால்ற்றை ரெசினில முழுசாக் கலக்கின பிறகுதான் ஹாட்னர். ரெண்டையும் நேரடியா ஒண்டோடொண்டு ஊத்தினா வெடிக்கும், இது பயப்படுத்தச் சொல்லுற கதை இல்லை. ஹாட்னர் கண்ணில தெறிச்சா உடன தண்ணியால கன நேரம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

ஓட்டை ஏராவில இருந்தா, தாங்கு கட்டை முறிஞ்சிருந்தா, அல்லது போட்டின்ர வளைவே மாறி ஒரு பக்கம் பள்ளமா நிண்டா வீட்டில செய்யாதேங்கோ. வளைவுக்கு அச்சு வைச்சுப் பிடிக்க வேண்டிய வேலை அது. காரைநகரில சீநோர் கொம்பனி போட் கட்டின காலத்தில இருந்து பைபர் வேலை தெரிஞ்ச ஆக்கள் எங்கட பக்கம் இருக்கினம், விசாரிச்சா ஆள் கிடைக்கும்.

ஒட்டுப் போட்ட இடம் திரும்பக் கழருது

கழண்ட துண்டைத் திருப்பி அதின்ர அடியைப் பாருங்கோ, காரணம் அங்கதான் எழுதிக் கிடக்கும்.

அடி கண்ணாடி மாதிரி மினுங்கினா தேய்க்காமல் ஒட்டியிருக்கு. தூள் அப்பியிருந்தா தேய்ச்சிட்டுத் துடைக்கேல்லை. அடி பிசுபிசுத்தா ஹாட்னர் பிழை, இல்லாட்டி ஈரத்தில போட்டது, ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள அவசரத்துக்குச் செய்த ஒட்டுகள் அனேகம் இப்பிடித்தான். துண்டோட போட்டின்ர பழைய நாரும் சேந்து பிய்ஞ்சு வந்திருந்தா உங்கட ஒட்டில பிழையில்லை, கீழ இருந்த படை முதலே பிரிஞ்சு கிடந்திருக்கு, தட்டிப் பாக்கிற வேலைக்குத் திரும்பப் போகோணும்.

முந்தி எப்பொக்சி போட்ட இடத்துக்கு மேல பொலியெஸ்ரர் (மேல சொன்ன சாதாரண ரெசின்) போட்டாலும் இப்பிடிக் கழரும். எப்பொக்சி பழைய பொலியெஸ்ரரில நல்லாப் பிடிக்கும், பொலியெஸ்ரர் எப்பொக்சியில பிடிக்காது. ஆனபடியா ஒருக்கா எப்பொக்சிக்குப் போனா அந்த இடத்துக்கு எப்பவும் எப்பொக்சிதான், மேல ஜெல்கோட்டும் வேண்டாம், பெயின்ற் அடியுங்கோ. எப்பொக்சியோட கடையில விக்கிற சாதாரண மற் போடாதேங்கோ, அதின்ர நாரைப் பிடிச்சிருக்கிற பசை பொலியெஸ்ரரிலதான் கரையும். நெய்த துணி வாங்குங்கோ.

எஞ்சின் ஓடேக்க பின்பலகை ஆடுது, போல்ற்றைச் சுத்தித் துரு வடியுது

எஞ்சினைத் தூக்கி வைச்சிட்டு அடிக்காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் அசையுங்கோ, மற்றாள் பின்பலகையும் போட்டும் சேருற மூலையைப் பாக்கட்டும்.

எஞ்சின் மட்டும் ஆடினா போல்ற் இளகினது, பெரிய வாசர் போட்டு இறுக்கினா முடிஞ்சுது. போல்ற் ஓட்டை நீள்வட்டமாத் தேஞ்சிருந்தா இறுக்கிப் பலனில்லை. அடுத்த நாளே இளகும், அதோட இறுக்க இறுக்க உள்ளுக்க பலகை நசியும். ஓட்டையைப் பெருப்பிச்சு எப்பொக்சியில வெட்டின நார் குழைச்சு நிரப்பி, இறுகின பிறகு புதுசாத் துளைச்சு, உள்பக்கம் தகடு குடுத்து, பொலியூரேதேன் சீலன்ற் போட்டுப் பூட்டுங்கோ. சிலிக்கன் வேண்டாம், பிடிக்கவும் மாட்டுது, பிறகு அந்த இடத்தில வேற ஒண்டும் ஒட்டவும் விடாது.

பின்பலகையே வளைஞ்சா உள்ளுக்க இருக்கிற பிளைவூட் உக்கினதோ எண்டு பாக்கோணும். உள்பக்கத்தால கீழ்ப் போல்ற்றுக்குக் கிட்ட 4 மில்லிமீற்றர் துளை ஒண்டு, வெளித்தோலைத் தாண்டாமல். வாற தூளைக் கையில எடுத்துப் பாருங்கோ. வெளிர் நிறமா உலர்ந்து வந்தா நல்லம், எப்பொக்சியால அடைச்சு விடுங்கோ. கறுத்து ஈரமா, விரலுக்குள்ள நசிஞ்சு, ஊறின மர மணத்தோட வந்தா பலகை உக்கிப் போச்சு. இன்னும் ரெண்டு இடத்தில துளைச்சு எவ்வளவு தூரம் எண்டு பாருங்கோ. இந்த நிலையில ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு அடிச்சு ஓடுற ஆக்கள் இருக்கினம். நடுவில உக்கல் இருக்கத் தகடு என்னத்தைப் பிடிக்கிறது? உள்தோலை வெட்டிப் பலகையை முழுக்கச் சுரண்டி மரீன் பிளைவூட் மாத்திறது பட்டறை வேலை, செலவு கூடின வேலையும் கூட, அதுவரைக்கும் அந்த எஞ்சினோட ஆழத்துக்குப் போகாதேங்கோ.

இருக்கை, தாங்கு கட்டை சேருற மூட்டில கோடு, மிதிச்சாக் கிரீச் எண்டு சத்தம்

தாங்கு கட்டை விட்டிட்டுது. ஒராள் மிதிக்க மற்றாள் மெல்லிய தாளொண்டைக் கோட்டுக்குள்ள செருகிப் பாக்கட்டும். மேல் பெயின்ற் மட்டும் வெடிச்சிருந்தா தாள் போகாது. போனா எவ்வளவு தூரம் போகுதோ அதுக்கு அங்காலயும் ஒரு சாண் சேத்துப் பழைய மற்றைத் தேய்ச்செடுங்கோ. மூலையைக் கூர் மூலையா விடாமல் குழைச்ச ரெசினால வளைவாக்கி, அதுக்கு மேல மற் ஒவ்வொண்டும் முந்தினதை விட அகலமா, கடைசிப் படை ரெண்டு பக்கமும் 75 மில்லிமீற்றராவது ஏறி இருக்கோணும். கூர் மூலையில மற் படியாது, பின்னால காத்து நிக்கும், திரும்ப அங்கதான் விடும்.

அடி தேஞ்சு ஏராவில நார் தெரியுது

ஜெல்கோட் மட்டும் போனதெண்டா ரெண்டு படை மற் போட்டு, மேல ஜெல்கோட் அடிச்சாக் காணும். நார் பஞ்சு மாதிரி எழும்பி நிண்டா தண்ணி குடிச்சிருக்கு, கழுவி நல்லாக் காயவிட்டுத்தான் தொடோணும். திரும்பத் திரும்பத் தேயிறவை இழுக்கிற இடத்தில உருளைக்கட்டை போடுங்கோ, ஏராவில தேயிற பட்டியொண்டு பூட்டுங்கோ. பட்டியை ஆணி அடிச்சுப் பூட்டாதேங்கோ, ஒவ்வொரு ஆணியும் தண்ணிக்கு ஒரு வாசல்.

தண்ணிக்குள்ள நிக்கிற பகுதியில கொப்புளம்

நாளாந்தம் கரையேத்துற போட்டுக்கு இது வாறது குறைவு, கட்டியே நிக்கிற போட்டுக்குத்தான் வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒண்டைக் குத்துங்கோ, உள்ள அழுத்தத்தில தண்ணி சீறும். விநாகிரி மணமும் விரலில பிசுபிசுப்பும் இருந்தா ரெசினுக்குள்ளயே தண்ணி ஊறியிருக்கு. வெறும் தண்ணியா, மணமில்லாமல் வந்தா பெயின்றுக்குக் கீழ நிண்டதாயிருக்கலாம், பெயின்றைச் சுரண்டிப் பாருங்கோ. அங்கொண்டு இங்கொண்டெண்டா திறந்து, நல்லதண்ணியில திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்காக் காயவிட்டு எப்பொக்சியால நிரப்பலாம். அடி முழுக்க நிறைஞ்சிருந்தா ஜெல்கோட்டை முழுசா உரிக்கோணும், பட்டறை.

போட்ட மற் அடுத்த நாளும் ஒட்டுது

நகத்தால அமத்துங்கோ. மேல மட்டும் பிசுபிசுத்துக் கீழ கல்லு மாதிரி எண்டா பிரச்சினை இல்லை, காத்துப் படுற பக்கம் அப்பிடித்தான், அசிற்றோனால துடைச்சுத் தேய்ச்சு அடுத்த வேலையைப் பாருங்கோ. நகம் உள்ளுக்குப் போனா முழுக்கச் சுரண்டுறதைத் தவிர வழியில்லை, மேல ஹாட்னர் பூசினா இறுகாது.

வெடிப்பொண்டும் இல்லை, போட் மட்டும் பாரமாப் போச்சு

முந்தி நாலு பேர் இழுத்த போட்டுக்கு இப்ப ஆறு பேர் வேணுமெண்டா, அதே எஞ்சினில வேகமும் குறைஞ்சிருந்தா, இருக்கைக்குக் கீழ இருக்கிற நுரை தண்ணி குடிச்சிருக்கு. போட்டைக் கரையில அணியத்தை (முன்பக்கத்தை) உயத்தி வைச்சு ஒரு ராத்திரி விடுங்கோ. விடிய எந்த மூட்டால கசிஞ்சு நிலம் நனைஞ்சிருக்கெண்டு பாத்தா உள்ளுக்குப் போற வாசல் அதுதான். ஒண்டும் கசியாட்டி இருக்கைப் பெட்டியின்ர பதிஞ்ச பக்கத்தில ஒரு துளை போடுங்கோ. தண்ணி வந்தா உடன அடைக்காதேங்கோ, வடிஞ்சு முடிய விடுங்கோ. ஊறின நுரை துளையால காயிறது நடக்காத காரியம், வெட்டித் திறந்து எடுத்து மாத்த வேணும். போட் கவிண்டா மிதக்க வைக்கிறது அந்த நுரைதான், அதைக் கழட்டிப்போட்டு வெறும் பெட்டியா மூடித் தாறன் எண்டு ஆராவது சொன்னா அவரிட்ட வேலையைக் குடுக்காதேங்கோ.

பட்டறைக்குக் கொண்டு போகேக்க பென்சில் கோடுகளை அழிக்காமல் கொண்டு போங்கோ, எந்தக் கல்லில எந்தப் பக்கத்தால அடிச்சதெண்டும், முந்தி எங்கயாவது எப்பொக்சி போட்டிருந்தா அதையும் சொல்லுங்கோ. பெயின்ற் அடிக்கேக்க பதிவு இலக்கம் மூடுப்படாமல் பாக்கச் சொல்லுங்கோ.